கத்தி செஞ்சவர் பேரு என்ன?

வீட்டுல ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கு. அதுக்குள்ள ஏழு மடக்குக் கத்தி. ஏழையும் செஞ்சது ஒரே ஆள்.

இதைச் சொன்ன உடனே "யோவ், நீ எந்த ஏரியா ரவுடி?"ன்னு கேட்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழுல பெரிய கத்தியோட அலகே மூணேகால் அங்குலம்தான். மாங்கா நறுக்கலாம், பார்சல் பிரிக்கலாம், பொண்ணுக்குப் பென்சில் சீவித் தரலாம். அவ்ளோதான். ஸ்டாம்ப் சேர்க்கிறவங்க, பேனா சேர்க்கிறவங்க மாதிரி இதுவும் ஒரு கிறுக்கு. வீட்டம்மா இதை "உங்க இரும்புக்கடை"ம்பாங்க.

கிறுக்கு எங்கே ஆரம்பிச்சதுன்னு சொன்னாத்தான், நான் சொல்ல வர்ற விஷயம் புரியும்.

எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பாண்டிச்சேரிக்காரங்களுக்கு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு பென்ஷனோட ஊர் திரும்பினவங்களை நாங்க சொல்தான்னு சொல்வோம். 1954 நவம்பர் 1-ல நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்புறமும், பிரெஞ்சுக் குடியுரிமையோட பல குடும்பங்கள் இங்கேயே இருந்துச்சு. பிரான்ஸ்லேருந்து லீவுக்கு வர்ற பிள்ளைங்க பெட்டியில சென்ட் பாட்டில், சாக்லேட், சீஸ் எல்லாம் வரும். சில பெட்டியில மடக்குக் கத்தியும் வரும்.

1984-ல எனக்கு பன்னெண்டு வயசு. தாத்தா ஒருநாள் கூப்பிட்டு மரப்பிடி போட்ட ஒரு கத்தியை நீட்டினார். கையை நீட்டினேன். உடனே பின்னாடி இழுத்துக்கிட்டார். "காசு குடு."

திருதிருன்னு முழிச்சேன். கத்தியைச் சும்மா கொடுத்தா உறவு வெட்டுப்பட்டுடும், அதனால வாங்குறவன் ஒரு காசாவது கொடுத்துத்தான் வாங்கணும், பிரான்ஸ்ல அப்படித்தான்னு சொன்னார். நம்ம வீட்டுலயும் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டாங்க, கீழே வச்சு எடுத்துக்கச் சொல்வாங்க இல்லையா, அது மாதிரி. டவுசர் பாக்கெட்டுல இருந்த 50 காசைக் கொடுத்து வாங்கினேன். அந்த 50 காசு பிற்பாடு என் மானத்தை வாங்கப் போகுதுன்னு அப்போ தெரியலை.

அது ஒப்பினெல் 8-ம் நம்பர். பிரான்ஸோட ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவோய்னு ஒரு பகுதி. அங்கே 1890-ல ழோசஃப் ஒப்பினெல்ங்கிறவர் செய்ய ஆரம்பிச்ச கத்தி. ஒரு மரப்பிடி, அதுல ஒரு பிளவு, ஒரு ஆணி, ஒரு அலகு, ஒரு வளையம். இவ்வளவுதான் மொத்தமும். வளையத்தைத் திருப்பினா அலகு பூட்டிக்கும். அந்தப் பூட்டு வளையம் 1955-ல வந்தது. அலகுல கிரீடம் வச்ச ஒரு கை பொறிச்சிருக்கும். 1565-ல பிரான்ஸ் ராஜா ஒன்பதாம் சார்லஸ், கத்தி செய்யற ஒவ்வொரு ஆசானும் தன் அடையாளத்தைக் கத்தியில போடணும்னு உத்தரவு போட்டாராம். அந்த வழக்கத்துல 1909-ல ஒப்பினெல் எடுத்துக்கிட்ட முத்திரை அது. சின்ன வயசுல எனக்கு அது காங்கிரஸ் சின்னம்தான் :-)

அதுக்கப்புறம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல பழைய சாமான் விரிப்புல குனிஞ்சு குனிஞ்சு தேடறது பழக்கமாயிடுச்சு. துருப்பிடிச்ச பேனாக்கத்தி, பிடி உடைஞ்சது, அலகு தேஞ்சு ஊசி மாதிரி ஆனதுன்னு எதையாவது வாங்கிட்டு வருவேன். தேய்ச்சு எண்ணெய் போட்டு வச்சுக்குவேன். அது வெறும் சேர்க்கை. யார் செஞ்சது, எப்படிச் செஞ்சதுன்னு ஒரு கேள்வியும் வந்ததில்லை.

கேள்வி வந்தது 2006-ல. வில்லியனூர் பக்கம் ஒரு பட்டறை. அரிவாள்மனைக்குத் தோய்ச்சல் போட எடுத்துட்டுப் போயிருந்தேன். சுத்தியிருந்த சணலை அறுக்க பாக்கெட்டுலேருந்து ஒப்பினெலை எடுத்தேன். ஆசாரி ஐயா கை நீட்டினார். வாங்கி ஒரு பத்து தடவை திறந்து மூடினார். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். காதுகிட்ட வச்சுத் திறந்தார். அப்புறம் கொஞ்சம் ஏமாந்த மாதிரி ஒரு குரல்ல, "இதுல வில்லு இல்லையே தம்பி."

உண்மைதான். ஒப்பினெல்ல வில் கிடையாது. மரம் இறுக்கிப் பிடிக்கிற பிடிதான், அப்புறம் வளையம். "வில்லு வச்சு ஒண்ணு செஞ்சு தரட்டுமா?"ன்னார். அந்தக் காலத்துல சலூன்காரங்களோட மடக்குச் சவரக்கத்தியை ரிப்பேர் பண்ணிப் பழக்கமாம். 250 ரூபா சொன்னார். மூணு மாசம் ஆச்சு. வந்த கத்தி... அழகுன்னு சொல்லமாட்டேன். மூடும்போது அலகு ஒரு பக்கத் தகட்டுல உரசிச்சு. ஆனா திறந்தப்போ "டக்"னு ஒரு சத்தம் கேட்டது பாருங்க. அன்னைக்கு விழுந்தவன்தான்.

வில் வச்ச மடக்குக் கத்தியில என்ன பெரிய வித்தைன்னு நினைக்கலாம். நானும் நினைச்சேன். பிடியோட முதுகுல ஒரு எஃகுப் பட்டை, அதான் வில். அலகோட அடிக்கட்டை ஆணியில சுத்தும்போது அந்த வில்லைத் தூக்கி, மறுபடி விடணும். திறந்திருந்தாலும் சரி, மூடியிருந்தாலும் சரி, வில்லும் பிடியோட முதுகும் ஒரே மட்டமா இருக்கணும். நகத்தை வச்சு ஓட்டினா தட்டக்கூடாது. அடிக்கட்டையில அரத்தால ஒரு இழுப்பு அதிகமாப் போச்சுன்னா போச்சு, திரும்ப ஒட்ட முடியாது. வெளிநாட்டுல கத்தி சேர்க்கிறவங்க இதை ஒரு கத்தியோட நடையும் பேச்சும்னு சொல்வாங்க. நடைன்னா அலகு வழுக்கிப் போற விதம். பேச்சுன்னா அந்த "டக்".

ஐயா அலகுக்கும் வில்லுக்கும் எடுக்கறது பழைய லாரி பட்டை. ரெண்டும் ஒரே இரும்பு, ஆனா ரெண்டுக்கும் பதம் வேற வேற. செவக்கக் காய்ச்சி எண்ணெய்ல முக்கினா எஃகு கண்ணாடி மாதிரி ஆயிடும். கல்லுல போட்டா உடையும். அதை மறுபடி மெதுவா சூடு காட்டி இறக்கணும். தேய்ச்சு வெள்ளையாக்கின எஃகு சூடேற ஏற நிறம் மாறும். வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தினா அலகு, கூர் நிக்கும். இன்னும் கொஞ்சம் விட்டு மயில்கழுத்து நிறம் வந்து நிறுத்தினா வில், வளைஞ்சு வளைஞ்சு திரும்பும். முதல் நிறத்துக்கும் ரெண்டாவது நிறத்துக்கும் நடுவுல எழுபது எண்பது டிகிரி வித்தியாசம்னு நான் புத்தகத்துல படிச்சேன். அவர்கிட்ட தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. கண்ணுதான்.

பிடிக்கு ஈட்டி மரம், இல்லைன்னா எருமைக் கொம்பு. மான் கொம்பு போட்டா என்னன்னு ஒருத்தர் கேட்டார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்குங்க. அந்த வியாபாரமே வேண்டாம்.

இப்போ என் மானம் போன கதை.

2009-ல மூணாவது கத்தி. பித்தளை உள்தகடு, எருமைக் கொம்புப் பிடி. உரசல் இல்லை, மட்டம் சுத்தம். 600 ரூபா சொன்னார். நான் என்ன பண்ணேன்? காய்கறிக்காரம்மாகிட்ட பேசுற மாதிரியே பேசினேன். "என்ன ஐயா, ரெகுலர் கஸ்டமர்..." 450-க்கு முடிச்சேன். வண்டியில திரும்பி வரும்போது என்னமோ சாதிச்ச மாதிரி ஒரு சந்தோஷம் வேற.

அதே மாசம், வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு கடையில 3,800 ரூபா கொடுத்து ஒரு லாயோல் கத்தி வாங்கினேன். பேரம்? ச்சே ச்சே. ஏ.சி. கடையில யாராவது பேரம் பேசுவாங்களா?

பெருமையா அதை ஆசாரி ஐயாகிட்ட காட்டப் போனேன். திறந்தார், மூடினார். வில்லு மேல இருந்த தேனீ உருவத்தைத் தடவிப் பார்த்தார். அலகை ரெண்டு பக்கமும் திருப்பினார். "நல்லாத்தான் இருக்கு. யாரு செஞ்சது?"

"லாயோல்."

"அது ஊரா, ஆளா?"

ஊர்தான். தெற்குப் பிரான்ஸ்ல ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஒரு கிராமம். 1829-லேருந்து அங்கே அந்தக் கத்தி செய்யறாங்க. ஆனா அந்தப் பேருக்கு நடந்த கூத்து பெருசு. 1993-ல ஒரு வியாபாரி அந்த ஊர்ப் பேரை வகைவகையான சாமான்களுக்கு டிரேட்மார்க்கா பதிவு பண்ணிட்டார். ஆசியாவுலேருந்து வர்ற சரக்குலகூட அந்த ஊர்ப் பேர். பொறுக்க முடியாம 2012-ல ஊர்க்காரங்க எதிர்ப்புத் தெரிவிச்சு ஊர்ப் பெயர்ப் பலகையையே கழட்டினாங்க. 2019-ல பாரிஸ் நீதிமன்றம் அந்த டிரேட்மார்க்குகள்ல 20-ஐ ரத்து பண்ணிச்சு. இருந்தும், கத்தியில லாயோல்னு எழுதியிருந்தா மட்டும் அது அந்த ஊர்ல செஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. கூட செஞ்ச பட்டறையோட பேரும் இருக்கணும்.

என் கத்தியில லாயோல்னு மட்டும்தான் இருந்தது. ஐயா அலகைத் திருப்பித் திருப்பித் தேடினது அந்தப் பட்டறை பேரைத்தான். ஆக 3,800 ரூபாயை முகம் தெரியாத எவருக்கோ சிரிச்சுக்கிட்டே கொடுத்திருக்கேன். எதிர்ல உட்கார்ந்திருக்கிற மனுஷன்கிட்ட 150 ரூபாயைப் பிடுங்கியிருக்கேன். சொல்தா தாத்தா ஞாபகம் வந்தது. காசு கொடுக்காம கத்தி வாங்கினா உறவு அறும்னாரே. பன்னெண்டு வயசுல கையில இருந்ததை முழுசாக் கொடுத்தவன், முப்பத்தேழு வயசுல பேரம் பேசியிருக்கேன்.

அன்னைக்கு மழுப்பறதுக்காக ஒரு கேள்வி கேட்டேன். "நீங்க ஏன் ஐயா கத்தியில பேர் போடறதில்லை?"

"பேரு போட்டா போலீஸு நேரா இங்கதான் வரும் தம்பி."

சிரிச்சுக்கிட்டே சொன்னார். ஆனா அது ஜோக் இல்லை. நம்ம ஊர்ல கத்தின்னாலே முதல்ல நினைவுக்கு வர்றது கேஸ்தான். திருப்பாச்சேத்தி அரிவாளை சினிமா எந்த இடத்துல கொண்டுபோய் வச்சிருக்குன்னு உங்களுக்கே தெரியும். அதே பட்டறையிலதான் கதிர் அறுக்கிற அரிவாளும் பிறக்குது. 2021 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல அடுத்தடுத்து கொலைகள் நடந்தப்போ, கத்தி அரிவாள் வாங்குறவங்க பேர், முகவரி, போன் நம்பரை எழுதி வைக்கச் சொல்லி பட்டறைக்காரங்களுக்குக் காவல்துறை சொல்லிச்சு. அதுக்கு ஒரு நியாயம் இருக்கலாம், நான் மறுக்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. வாங்குறவன் பேரை எழுத ஒரு நோட்டு இருக்கு. செஞ்சவன் பேரை எழுத ஒரு இடமும் இல்லை.

இதோட உச்சம் உத்தரப்பிரதேசத்து ராம்பூர். ராம்பூரி சாக்குன்னா இந்தியா முழுக்கத் தெரியும். நவாப் காலத்துலேருந்து வர்ற மடக்குக் கத்தி. கையாலயே வில்லும் பூட்டும் செஞ்சு, கொம்புலயும் பித்தளையிலயும் பிடி போட்டு, பிரமாதமான வேலை. இந்தி சினிமா அதை எடுத்து வில்லன் கையில கொடுத்துச்சு. 1965-ல வந்த 'வக்த்' படத்துல ராஜ்குமாரோட கத்திக் காட்சியை இன்னைக்கும் பேசறாங்க. அப்புறம் 1990-கள்ல நாலரை அங்குலத்துக்கு மேல அலகு கூடாதுன்னு மாநில அரசு தடை போட்டுச்சு. கடைகள் ஒவ்வொண்ணா மூடி, தொழில் தெரிஞ்சவங்க விரல் விட்டு எண்ணுற அளவுக்கு வந்துட்டாங்க. 2023-ல அதே ஊர் நாற்சந்தியில சுமார் 20 அடி நீளத்துக்கு ஒரு பிரம்மாண்ட ராம்பூரி கத்தியை நிறுத்தி, அந்த இடத்துக்கு சாக்கு சௌராஹான்னு பேரும் வச்சாங்க. கத்திக்குச் சிலை வச்சாச்சு. அதைச் செய்யறவங்கள்ல ஒருத்தர் பேரை உங்களால சொல்ல முடியுமா? என்னால முடியலை.

அமெரிக்காவுல நிலைமை வேற. அங்கே 1970-லயே கையால கத்தி செய்யறவங்க சேர்ந்து நைஃப்மேக்கர்ஸ் கில்ட்னு சங்கம் வச்சுட்டாங்க. இன்னைக்கு ஏகப்பட்ட மடக்குக் கத்தியில இருக்கிற லைனர் லாக் பூட்டை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர்னு, கத்தி சேர்க்கிற ஸ்கூல் பையனுக்கும் தெரியும். தென் ஆப்பிரிக்காவுலேருந்து போன கிறிஸ் ரீவ் தன்னோட கத்திக்கு செபென்சான்னு பேர் வச்சார். ஜூலு மொழியில வேலைன்னு அர்த்தம். விலை நானூறு டாலருக்கு மேல. ஒரு ஆளோட கத்திக்காக வருஷக்கணக்கா காத்திருக்கிறவங்க இருக்காங்க.

ஆசாரி ஐயாவை அவங்களோட ஒப்பிடறியான்னு கேட்டா, இல்லை. அவரோட நாலாவது கத்தியில கூட ஆணி கொஞ்சம் தூக்கலா இருக்கும். நான் சொல்றது வேலைத் தரத்தைப் பத்தி இல்லை, வாங்குறவனோட நடத்தையைப் பத்தி. ஒரு ஆளோட வேலையை நமக்குப் பிடிச்சிருக்குன்னா நாம செய்ய வேண்டியது மூணு விஷயம்னு நான் இப்போ நினைக்கிறேன். அவர் சொல்ற விலையைக் கொடுக்கணும். அவர் எடுத்துக்கிற நாளைக் கொடுக்கணும். அவர் பேரைக் கேட்கணும். இந்த மூணையும் நாம ஏ.சி. கடைக்கும் வெளிநாட்டு பிராண்டுக்கும் தாராளமாக் கொடுக்கறோம். பட்டறைக்கு வந்தா கை சுருங்கிடுது.

"பேர் போட்டா வம்புதானே, அவர் சொல்றது சரிதானே"ன்னு ஒரு நண்பர் வாதாடினார். எனக்கு அப்படித் தோணலை. படைக்கலச் சட்ட விதிகளே ஒன்பது அங்குலத்துக்கு மேல நீளமான, இல்லைன்னா ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமான அலகைத்தான் பிரிச்சு வைக்குது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உள்ளதுக்கு அதுலயும் விலக்கு. மூணு அங்குலப் பேனாக்கத்தியில பேர் போடறது குத்தம் இல்லை. பயம் சட்டத்தால வந்ததைவிட, நாம அந்தத் தொழிலைப் பார்க்கிற பார்வையால வந்தது அதிகம். பார்வையை மாத்த நம்மால முடியும். அதுக்கு ஜி.ஓ. எல்லாம் வேண்டாம்.

2009-க்கு அப்புறம் நான் பேரம் பேசறதில்லை. அந்த 150 ரூபாயை அடுத்த கத்தி வாங்கும்போது சேர்த்துக் கொடுத்தேன். "எதுக்கு?"ன்னு கேட்டார். சொன்னேன். எண்ணாம மடியில வச்சுக்கிட்டார்.

ஏழாவது கத்தி போன வருஷம் கைக்கு வந்தது. 2,500 ரூபா. ஈட்டி மரப் பிடி. கண்ணுல புரை வந்து ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் அவர் செஞ்ச முதல் மடக்குக் கத்தி. பையன் சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில வேலைக்குப் போறார், உலைப்பக்கம் வர்றதில்லை. அதுல தப்பு சொல்லவும் எனக்கு உரிமை கிடையாது. வீட்டுக்கு வந்து எண்ணெய் போடும்போது பார்த்தேன், அலகோட அடியில, ஆணிக்குப் பக்கத்துல, பொட்டு மாதிரி மூணு புள்ளி. முதல்ல ஏதோ பட்டுடுச்சுன்னு நினைச்சேன். அடுத்த வாரம் போய்க் கேட்டேன்.

"என் சுத்தியல்ல எல்லாம் அந்த மூணு புள்ளி இருக்கும் தம்பி. யாராவது இரவல் வாங்கிட்டுப் போனா அடையாளம் தெரியணுமில்ல? அதான் போட்டேன்."

கிரீடம் வச்ச கையைவிட அந்த மூணு புள்ளி எனக்கு அழகாத் தெரியுது. ஒருதலைப்பட்சமாச் சொல்றேன்னு வச்சுக்குங்க, பரவாயில்லை.

எட்டாவதுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கேன். "கண்ணு ஒத்துழைச்சா பார்க்கலாம்"ன்னு சொல்லியிருக்கார். வரலாம், வராமலும் போகலாம். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிற உத்தேசம் இல்லை.

உங்க ஊர்ல அரிவாள்மனை அடிச்சுக் கொடுத்தவர் பேரு உங்களுக்குத் தெரியுமா? அம்மாகிட்ட கேட்டாவது பின்னூட்டத்துல சொல்லுங்க. தெரியலைன்னா அடுத்த தடவை போறப்போ அவர்கிட்டயே கேட்டுட்டு வாங்க.

டிஸ்கி: இவ்வளவு பேசிட்டு ஆசாரி ஐயா பேரைச் சொல்லலையேன்னு கேட்பீங்க. கேட்டேன். "இண்டர்நெட்டுல எல்லாம் போட வேணாம் தம்பி"ன்னுட்டார். அவர் சரின்னு சொல்ற அன்னைக்கு, தலைப்புலயே போடறேன்.